லேண்டன் பெயர் இருந்த மதில்

பாறையில் எதையும் செதுக்கக் கூடாது, பாதையை விட்டு இறங்கக் கூடாது. எங்கள் பூங்காவுக்கு வருகிறவர்களிடம் நாள் முழுக்க இந்த இரண்டையும் சொல்வதுதான் என் வேலை. அதற்காக ஒரு தொப்பியும் காக்கிச் சட்டையும் கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். நான் திரும்பியதும் சரிவில் இறங்கி நின்று படம் எடுப்பார்கள். சாக்பீஸைவிடக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான் இந்தப் பாறை. நகத்தால் கீறினால் மாவு கொட்டும், பெருமழைக்கு ஒரு பாறைத்தூணே படுத்துவிடும். அதைப் பார்த்ததும் மனிதர்களுக்கு முதலில் தோன்றுவது தன் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்பதுதான். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சொல்வதற்கு எனக்கு வாய் இருக்கிறதே தவிர யோக்கியதை இல்லை. கீழ்ப்பாதையிலிருந்து விலகி, வறண்ட ஓடைத்தடத்தில் கொஞ்சம் உள்ளே போனால், தெற்கு பார்த்துச் செங்குத்தாக நிற்கும் பாறை ஒன்று வரும், அதைத்தான் மதில் என்போம். எங்கள் வீட்டார் அத்தனை பேரும் அதில் பெயர் செதுக்கியிருக்கிறோம். ரஷ்யாவிலிருந்து கப்பலேறி வந்து ஸ்மோக்கி ஹில் ஆற்றோரம் மாடு மேய்த்த கொள்ளுத்தாத்தா ஆலோயிஸில் தொடங்கி, அப்பா, சித்தப்பாக்கள், நான், என் தம்பி டெல்மர், கடைசியாக அவன் மகன் லேண்டன். இது முன்பு எங்கள் மேய்ச்சல் நிலம். அப்போது எங்களை யாரும் தடுக்கவில்லை.

அது நாங்கள் விளையாட்டுக்கு எழுதியது இல்லை. மே மாதம் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாளில், அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் கூடுவார்கள். வீட்டுப் பிள்ளை ஒன்று முதல்முறையாகக் கன்றைத் தானே கீழே தள்ளி, இரும்பு பட்டு முடிகிறவரை விடாமல் பிடித்துக்கொண்டால், அன்று சாயங்காலம் மதிலில் பெயர் செதுக்கலாம். பிடியை விட்டவர்கள் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும். நான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். டெல்மர் முதல் வருஷமே பிடித்துவிட்டான், அதை இன்னும் சொல்லிக்காட்டுவான்.

லேண்டன் பிடித்தபோது அவனுக்குப் பதினோரு வயது. கன்று உதைத்து உதடு கிழிந்திருந்தது, ஆனாலும் விடவில்லை. சாயங்காலம் எல்லாரும் மதிலடிக்குப் போனோம். பையன் அவசர அவசரமாக மேலோட்டமாகக் கீறினான். இன்னும் ஆழமாக வெட்டு என்று டெல்மர் சொன்னதற்கு, "போதும்ப்பா, பசிக்குது" என்றான். நோரின், டெல்மரின் மனைவி, முட்டைக்கோசும் மாட்டுக்கறியும் அடைத்துச் சுட்ட பீரோக் ரொட்டிகளை லாரியின் பின்பலகையில் அடுக்கி வைத்திருந்தாள். அந்த வாசனைக்கு முன்னால் எந்தப் பிள்ளை ஆழமாக வெட்டும்? நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

லேண்டன் இருபத்திரண்டு வயதில் செத்துப்போனான். தகரக் குதிருக்குள் கோதுமை கட்டி தட்டி நின்றிருந்தது, அதை உடைக்க உள்ளே இறங்கியிருந்தான். வெளியே லாரி காத்திருந்தது. பையன் உள்ளே இருப்பது தெரியாமல் டெல்மர் குதிரின் அடியில் கோதுமையை வெளியே தள்ளும் திருகுத்தண்டின் சுவிட்சைப் போட்டான். கோதுமை கீழே இறங்கும்போது ஆளையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். குதிர் வைத்திருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். எல்லாரும் ஒருநாள் அவசரத்தில் அதை மறக்கிறோம், பெரும்பாலும் தப்பித்துவிடுகிறோம். டெல்மர் தப்பவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து தகரத்தை அறுத்து லேண்டனை வெளியே எடுத்தபோது அவன் சட்டைப்பை நிறைய கோதுமை இருந்தது. அதைப் பார்த்தவள் நான். எதற்குப் பார்த்தேனோ.

அதன்பிறகு டெல்மரால் நிலத்தில் கால் வைக்க முடியவில்லை. குதிர்களை இருந்த இடம் தெரியாமல் பிரித்துப் போட்டான். மேய்ச்சல் நிலத்தை விற்றான், அது கைமாறிப் பூங்காவாயிற்று. மலைச்சரிவெல்லாம் தெரிந்தவள் என்று என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பூங்காப் பொறுப்பாளர் மெரிடித் கிழக்கே எங்கோ நகரத்திலிருந்து வந்த பெண். நல்லவள். எங்கள் வீட்டார் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதையை விட்டு மதிலடிக்குப் போய்வரலாம் என்று அனுமதி வாங்கித் தந்ததே அவள்தான்.

ஞாயிறுதோறும் போனவள் நோரின் ஒருத்திதான். அவளும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வாயாடி என்றால் அப்படியொரு வாயாடி, பாதிரியாரையே பிரசங்கத்துக்கு நடுவில் சிரிக்க வைத்தவள். அப்படிப்பட்டவள், லேண்டன் போனபின் டெல்மரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போடவில்லை, பழி சொல்லவில்லை. பால் தீர்ந்துவிட்டது, கதவைச் சாத்து, இந்த அளவில் நின்றுபோயிற்று பேச்சு. சமைத்து மேசையில் வைப்பாள், தான் நின்றபடியே அடுப்படியில் சாப்பிடுவாள். கல்லறைக்கும் அவள் போகவில்லை. அங்கே இருப்பது கடையில் சொல்லி வெட்டிய கல்லாம். மதிலில்தான் பிள்ளையின் கை இருக்கிறது என்பாள். பூசை முடிந்ததும் சர்ச் உடுப்போடு வந்து, அந்தக் கோணல் எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நிற்பாள். தொடாதே, தேய்ந்துவிடும் என்று நான் சொல்ல வேண்டியவள். சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் தேய்ந்துகொண்டுதான் வந்தது. கொள்ளுத்தாத்தா பெயருக்குள் என் சுண்டுவிரல் போகும். லேண்டன் பெயர் அப்படி இல்லை, மேலோட்டமான கீறல். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரைந்தது. போன வருஷக் கோடையில் கடைசி எழுத்தைச் சாய்வெயிலில்தான் பார்க்க முடிந்தது. நோரின் ஒருநாள் என்னிடம், இது போய்விட்டால் நான் எங்கே போவேன் ட்வைலா என்று கேட்டாள். அழவில்லை, வழி கேட்பது மாதிரி கேட்டாள்.

நான் டெல்மரிடம் போய்ச் சொன்னேன். அவன் மனைவி படும் பாடு அவனுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை. தனக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது என்ற மலர்ச்சி அது.

டெல்மர் இளவட்டமாக இருந்தபோது இந்தப் பாறையில் கல்லாகிப்போன மீன்கள் தோண்டுவான். எங்கள் பக்கத்தில் பாதி ஆண்களுக்கு அந்தப் பைத்தியம் உண்டு. ஆள் நீளத்துக்கு மீன் எலும்பு எடுப்பார்கள், எடுத்தால் பொடிந்துபோகும். அதனால் பசையை, நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனில் தண்ணீராகக் கரைத்து, தூரிகையால் பூச்சுமேல் பூச்சாக ஊட்டுவார்கள். பாறை குடித்துக் குடித்துக் கெட்டிப்படும். டெல்மர் எடுத்த மீன் ஒன்று அவன் வீட்டு முன்னறைச் சுவரில் முப்பது வருஷமாக அப்படியே இருக்கிறது, ஒரு முள் உதிரவில்லை. அந்த வித்தையைப் பெயருக்கும் செய்யப்போவதாகச் சொன்னான்.

மெரிடித்திடம் கேட்டேன். அவள் நான் முடிப்பதற்குள் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டாள். மதில் மலையோடு ஒட்டிய பாறை, உள்ளேயிருந்து ஈரம் கசிந்து முகப்பு வழியாகக் காய்ந்துகொண்டே இருக்கிறது, வாயை அடைத்தால் தண்ணீர் எங்கே போகும் என்றாள். எதுவும் செய்யாமல் விடுவதுதான் அதற்குச் செய்யக்கூடிய நல்லது, போகிறபோது போகட்டும் என்றாள். அதை அப்படியே டெல்மரிடம் ஒப்பித்தேன்.

"அந்தப் பொண்ணு இந்தப் பாறையிலேர்ந்து ஒரு மீனாவது எடுத்திருக்காளா?" என்று கேட்டான். "முப்பது வருஷம்க்கா. என் வீட்டுச் சுவத்துல தொங்குது. வந்து பாத்துட்டுப் பேசச் சொல்லு."

"மீன் உன் வீட்டுக்குள்ள இருக்குடா. பேரு வெளியில நிக்குது."

"போகிறபோது போகட்டுமாம். அவளுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவா."

அவன் சொல்வது பெயர் போவதை மட்டும் இல்லை, பிள்ளை போனதையும்தான் என்று எனக்குத் தெரியும். மெரிடித் ஊரில் இல்லாத ஒரு வாரநாளில், அக்டோபரில், டெல்மர் தூரிகையும் டப்பாவுமாகப் போய்ப் பூசிவிட்டு வந்தான். பார்க்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஓடைத்தடம் முழுக்க நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை அடித்தது, மூக்கு உள்ளவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

அந்த ஞாயிறு நோரினோடு நானும் போனேன். என்ன சொல்வாளோ என்று இரண்டு அடி தள்ளியே நின்றேன். பசை குடித்த பாறை தேன் நிறத்தில் கறுத்து, எழுத்துகள் அத்தனையும் எழும்பி நின்றன. கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்த கடைசி எழுத்துகூடத் திரும்பி வந்திருந்தது. நோரின் அதைத் தொட்டாள். மாவு ஒட்டவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"யாரு செஞ்சது?"

டெல்மர் என்றேன்.

அன்று மத்தியானம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நோரின் டெல்மர் தட்டில் தன் கையால் பரிமாறினாள், பிறகு தன் தட்டை எடுத்துவந்து மேசையில் உட்கார்ந்தாள். டெல்மர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். குளிர் வருகிறதே, உள்ளாடை எல்லாம் கிழிந்து கிடக்கிறதே, புதிதாக வாங்கவில்லையா என்று அவள் அவனைக் கேட்டாள். இதைக் கேட்டு ஒரு ஆம்பிளை கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருப்பவள், மெரிடித் சொன்னதை அந்த மேசையிலேயே சௌகரியமாக மறந்துவிட்டேன்.

நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் அவர்கள் ஒரே வண்டியில் சர்ச்சுக்கு வந்தார்கள். பூசை முடிந்து மதிலடிக்கும் சேர்ந்தே போனார்கள். கிறிஸ்துமஸுக்கு நோரின் ஒரு பகடிகூடச் செய்தாள், என் காக்கிச் சட்டையைப் பார்த்து, யாரையாவது கைது பண்ணிவிட்டுச் சாப்பிட வா என்று. சர்ச் கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். டெல்மர் எல்லாரையும்விட அதிக நேரம் சிரித்தான்.

ஜனவரியில் பனி பெய்து உருகி, மறுபடி உறைந்தது. எங்கள் குளிர்காலம் அப்படித்தான், பகலில் தண்ணீர் ஓடும், ராத்திரி கல்லாகும். பாதையில் விழுந்த பாறைகளை ஒதுக்கப் போனபோது மதிலையும் எட்டிப் பார்த்தேன். பசை பூசிய இடத்தைச் சுற்றி, படத்துக்குச் சட்டம் போட்டது மாதிரி, மெல்லிய விரிசல் ஒன்று ஓடியிருந்தது. விரல்முட்டியால் தட்டினேன், வெறும் டப்பாவாகச் சத்தம் கேட்டது. டெல்மரிடம் சொன்னேன். அவன் மறுநாளே வந்து விரிசலுக்குள்ளும் பசையை ஊற்றி அடைத்தான். மெரிடித் வந்து பார்த்துவிட்டு எங்களைத் திட்டவில்லை. இனி அந்தப் பசையை எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச்சில் மூன்று நாள் வெயில் காய்ந்தது. நான்காம் நாள் காலை போனேன். மதிலில் பசை பூசிய முகப்பு மொத்தமாகக் கழன்று கீழே குப்புற விழுந்து கிடந்தது. வாசல்கதவு அகலத்துக்கு, கையகலக் கனத்துக்கு. பசைத்தோல் மட்டும் ஓட்டுத்துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது, உள்ளே இருந்த பாறை ஈரமாவாகக் குழைந்துபோயிருந்தது. குனிந்து புரட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்து முழுசாகத் தேறவில்லை. மதிலில் அந்த இடம் இப்போது வெட்டிய ரொட்டி மாதிரி புத்தம்புது வெள்ளையாக இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் என் பெயர், அந்தப் பக்கம் டெல்மர் பெயர், மேலே ஆலோயிஸ். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டெல்மர் கொட்டகையில் டிராக்டர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். சொன்னேன். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்காமல் கேட்டான்.

"மத்த பேரெல்லாம்?"

"அப்படியே இருக்கு."

"பூசாததெல்லாம் இருக்கு." சக்கரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, "நான் தொடாம இருந்திருந்தா எத்தனை வருஷம் நின்னிருக்கும்க்கா?" என்று கேட்டான்.

தெரியாது என்று சொன்னேன். அஞ்சு வருஷம், பத்து வருஷம்கூட நின்றிருக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். நோரினிடம் நான் சொல்லட்டுமா என்றதற்கு, வேண்டாம், நானே சொல்கிறேன் என்றான். நான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் எப்போதும்போல வந்து இறங்கினார்கள். நோரின் முகத்தைப் பார்த்தேன். அவன் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. கழுத்தில் புதுசாக நீலச் சால்வை ஒன்று போட்டிருந்தாள், எனக்குக் கையசைத்தாள். டெல்மர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஓடைத்தடத்தில் நடக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்திருப்பான், ஒவ்வொரு திருப்பத்திலும் அடுத்த திருப்பம் என்று தள்ளிப்போட்டிருப்பான். நான் பின்னாலேயே ஓடினேன். ஓடி என்ன செய்யப்போகிறேன் என்று யோசிக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது நோரின் மதிலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வேறு எங்காவது இருக்கிறதா என்பதுபோல இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். முழங்காலிட்டு ஒரு துண்டைக் கையில் எடுத்தாள், அது பொடிந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் பொடிந்தது. பசைத்தோல் மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டு நின்றது. டெல்மர் பேசத் தொடங்கினான். தண்ணீர் என்றான், குளிர் என்றான், இந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் உருகி உறையவில்லை என்றான். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. விழாமல் இருந்தால் நல்லது என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அப்போது டெல்மர் பேண்ட் பையிலிருந்து கத்தியை எடுத்து விரித்தான். அந்தப் புது வெள்ளையில் கையை வைத்துத் தடவிப் பார்த்தான். அதே இடத்தில், அதே மாதிரி, இந்த முறை ஆழமாக வெட்டிவிடுகிறேன் என்றான். அவனைத் தடுக்க வேண்டியது என் வேலை. நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்டட்டும், அபராதத்தை நான் கட்டுகிறேன், வேலையும் போகட்டும் என்று நினைத்தேன். கத்தி பாறையில் ஏறும் சத்தம் ஒரு கோடு அளவுக்குக் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

திரும்பினேன். நோரின் எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கோபமாக இல்லை, பதமாகத்தான் பிடித்திருந்தாள்.

"வேண்டாம் டெல்மர்," என்றாள். "அவன்மேல உன் கை பட்டதெல்லாம் போதும்."

டெல்மர் கையை இறக்கினான். அவள் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். ஹேஸ் ஊரில் இருக்கும் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விடுகிறாயா என்று கேட்டாள். வண்டியில் முழுத் தூரமும் விரலில் ஒட்டியிருந்த பசைத்தோலை உரித்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, துணிமணியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன், அவன் சாப்பிட்டானா என்று மட்டும் பார்த்துக்கொள் என்றாள். துணிமணி இன்னும் டெல்மர் வீட்டில்தான் இருக்கிறது.

டெல்மர் இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறான். அனுமதி அவனுக்கும் உண்டு. மதிலுக்கு முன்னால் கையைப் பையில் விட்டுக்கொண்டு நிற்கிறான், மத்தியானம்வரை நிற்கிறான். பாதையில் போகிறவர்கள் தூரத்திலிருந்து அவனைப் பார்த்துவிட்டு, அந்த ஆள் அங்கே எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நாங்களும் போய்ப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். அங்கே ஒன்றும் இல்லை, பாதையிலேயே நடங்கள் என்று சொல்கிறேன்.